புகைபோக்கியைத் தட்டப் போகிறவர்களுக்கு ஒரு மடல்

மரக்காணம், கந்தாடு, அனுமந்தை, கூனிமேடு, எக்கியார்குப்பம் பக்கத்து மகளிர் குழுவினர் அனைவருக்கும்,

மார்கழி பாதிக்கு மேல் போய்விட்டது. இனி ஒட்டடை அடிக்கும் நாள். அடுப்படியைக் காலி செய்து, பரணில் கிடப்பதை இறக்கி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, விறகடுப்புக்கு மேலே நிற்கும் புகைபோக்கியையும் ஒரு தட்டு தட்டுவீர்கள். அதிலிருந்து கொட்டும் கறுப்பை எங்கே போடுவது என்பதுதான் இந்த மடலின் விஷயம். இதற்கெல்லாம் ஒரு திறந்த மடலா என்று சிரிக்கலாம். பள்ளியில் அறிவியல் எடுத்தவளுக்குப் பின்வரிசைச் சிரிப்பு புதிதில்லை.

கேஸ் இல்லாத வீடு இன்று நம் பக்கத்தில் குறைவுதான். 2006-ல் வந்த கலைஞர் ஆட்சியில் கொடுத்த இலவச அடுப்பு, 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா என்று பல வழியாகவும் சிலிண்டர் வந்து சேர்ந்தது. ஆனால் ஐப்பசியில் மழை இறங்கினால் உப்பளப் பாத்தியில் தண்ணீர் நிற்கும், வேலை நிற்கும், கூலியும் நிற்கும். மழைக்கால நிவாரணம் என்று அரசு தரும் ஐயாயிரம் ரூபாய் கைக்கு வருவதற்கு முன்பே வட்டிக்காரர் கணக்கில் ஏறியிருக்கும். சிலிண்டரின் முறை கடைசியில்தான் வரும். தை பிறக்கும் வரை அது மூலையில் சும்மா நிற்க, எரிவது விறகடுப்பு. அதிலும் என்ன விறகு? நனைந்த சவுக்கு மிலார், ஈரம் சொட்டும் தென்னை மட்டை, நேற்று வெட்டிய வேலிக்காத்தான், காற்றில் சாய்ந்த மரம். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி நம் உப்பளங்களை மூழ்கடித்தது நினைவிருக்கும். அதற்குப் பிறகு எத்தனை வீட்டில் பச்சை மரத்தை அடுப்பில் வைத்து ஊதி ஊதிக் கண்ணைக் கசக்கினோம்!

அதனால்தான் போகிக்கு முன்னால் நம் புகைபோக்கி வருஷத்திலேயே அதிக அழுக்கோடு இருக்கிறது. சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீர். அடுப்பின் சூடு அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும், மரம் முழுதாக எரியாது. எரியாமல் மிஞ்சிய பிசினும் எண்ணெயும் நீராவியோடு சேர்ந்து மேலே ஏறும். குழாயின் உட்சுவர் சுமார் 120 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்திருந்தால் அங்கேயே படிந்துவிடும். மார்கழிக் குளிரில் கடற்காற்று அறையும் குழாய் எப்படிச் சூடாக இருக்கும்? முதலில் தூள்தூளாகப் படிவது விரலால் தட்டினாலே உதிரும். அதன் மேல் மேலும் படிந்தால் பளபளக்கும் செதிலாகும். அப்படியே விட்டால் ரோட்டுக்குப் போடும் தார் போல உருகி ஓடி, இறுகி, கண்ணாடிப் பூச்சு பூசியதுபோல் ஒட்டிக்கொள்ளும். குளிர் நாடுகளில் வீட்டுக்குள் கணப்பு வைத்திருப்பவர்கள் இதைக் கிரியோசோட் என்கிறார்கள். நமக்குத் தார் என்ற பெயரே போதும்.

முதல் ஆபத்து, அது எரியும். குழாய்க்குள் தார் தீப்பிடித்தால் வெப்பம் ஆயிரம் டிகிரியைத் தொடும். ஓட்டு வீடானால் பயத்தோடு போகும். குழாய் தென்னங்கீற்றைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் கூரை வீட்டில் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இரண்டாவது ஆபத்து மெதுவானது. 1775-ல் லண்டனில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். அந்த ஊர்ப் புகைக்கூண்டுகள் குறுகலானவை. அவற்றுக்குள் நாலைந்து வயதுப் பையன்களை ஏற்றித்தான் சுத்தம் செய்தார்கள். அந்தப் பையன்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகு விதைப்பையின் தோலில் புற்றுநோய் வந்தது. தோல் மடிப்பில் தங்கிய புகைக்கரிதான் காரணம் என்று பாட் எழுதினார். ஒரு தொழிலையும் ஒரு புற்றுநோயையும் இணைத்துச் சொன்ன முதல் குறிப்புகளில் ஒன்று அது. சிறுவர்களைக் கூண்டுக்குள் ஏற்றுவதை முழுதாக நிறுத்தும் சட்டம் வர 1875 ஆகிவிட்டது. நூறு வருஷம்! ஏழைப் பிள்ளைகள் விஷயத்தில் சட்டத்தின் நடை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அதைவிட நமக்குப் பயன்படும் செய்தி 1892-ல் வந்தது. ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் அதே வேலை செய்பவர்களுக்கு இந்த நோய் ஏன் அரிதாக வருகிறது என்று ஹென்றி பட்லின் என்ற மருத்துவர் தேடிப் பார்த்தார். அவர்கள் உடம்போடு ஒட்டிய உடையால் முழுதும் மூடிக்கொண்டு வேலை செய்தார்கள், வேலை முடிந்ததும் அன்றன்றே குளித்தார்கள். ஆங்கிலேயத் தொழிலாளிக்கு இரண்டுமே வாய்க்கவில்லை. மருந்தும் இல்லை, மந்திரமும் இல்லை. முழுக்கைச் சட்டையும் சோப்பும்தான் வித்தியாசம்.

லண்டனில் எரிந்தது நிலக்கரி, நம் அடுப்பில் எரிவது மரம், இரண்டும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல. நிலக்கரித் தார் இன்னும் மோசம். ஆனால் பென்சோபைரீன் என்ற புற்றுப்பொருள் இரண்டிலும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகைக்கூண்டு சுத்தம் செய்வோர் மேல் படியும் கரியை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று உறுதியான பட்டியலிலேயே வைத்திருக்கிறது. வீட்டுக்குள் விறகு எரிப்பதால் வரும் புகையை அதற்கு அடுத்த படியில், அநேகமாக உண்டாக்கும் என்று வைத்திருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை தட்டுகிறவர் லண்டன் பையன் அல்ல, பதற வேண்டாம். ஆனால் அந்தக் கரியைக் கையாளுவதில் ஒரு முறை வேண்டும். அந்த முறையை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

புகையில்லாத அடுப்பைப் பற்றி இந்த நாட்டில் பேச்சுக்குக் குறைவே இல்லை. ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி. ராஜு 1953-லேயே அதற்கென்று ஒரு புத்தகம் எழுதினார், சென்னையில் அச்சானது. 1983-ல் தொடங்கி 2002 வரை மத்திய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டம் நடத்தி, நாடு முழுக்க மூன்று கோடிக்கும் மேல் அடுப்பு வைத்ததாகக் கணக்குக் காட்டியது. பெரும்பாலும் மண் அடுப்பு, பக்கத்தில் ஒரு சிமெண்ட் குழாய். குழாயை அடிக்கடி சுத்தம் செய்யாவிட்டால் அடைத்துக்கொள்ளும். புகை திரும்பி வீட்டுக்குள்ளேயே வரும். குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பழைய மூன்று கல்லுக்கே போவார்கள். அந்தத் திட்டம் பல ஊர்களில் நொண்டியதற்கு இதுவும் ஒரு காரணம். அடுப்பு வைத்த கணக்கு ஏட்டில் இருக்கிறது. சுரண்டிய தார் எங்கே போனது என்பதற்கு ஏடே இல்லை.

நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே ஒரு பெரிய ஆய்வு நடந்தது, உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். 2018-ல் தொடங்கி, இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்தார்கள். இங்கே விழுப்புரமும் நாகப்பட்டினமும். நடத்தியது போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம், மீதிப் பேர் வழக்கம்போல் விறகில். கேஸ் கிடைத்தவர்கள் சுவாசித்த தூசு, விறகில் சமைத்தவர்களுடையதில் மூன்றில் ஒரு பங்காக இருந்தது. ஆனால் 2022-ல் முடிவு வெளியானபோது, பிள்ளைகளின் பிறப்பு எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள், அது எனக்குப் பிடித்தது. அதற்காகப் புகை நல்லது என்று யாரும் பொருள் கொள்ளத் தேவையில்லை. கண்ணுக்கும் நுரையீரலுக்கும் அது செய்வது உங்களுக்கே தெரியும்.

சரி, வேலைக்கு வருவோம்.

முந்தின நாள் இரவே அடுப்பை அணைத்துவிடுங்கள். சாம்பலுக்குள் தணல் விடியும்வரை கூட உயிரோடு இருக்கும். காலையில் கையை வைத்துப் பார்த்த பிறகே குழாயில் கை வையுங்கள். உப்பளத்துக்குச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு போகும் ஆம்பிளைச் சட்டை இருக்கிறதே, இந்த வேலைக்கும் அதைவிடப் பொருத்தமான உடை கிடையாது. தலைக்குத் துண்டு, மூக்குக்கு என்-95 முகக்கவசம். கொரோனா காலத்தில் வாங்கியது எங்காவது கிடக்கும். ஈரத் துணி கட்டினால் கரித்தூள் கொஞ்சம் தடைபடும், நுண்ணிய தூள் தடைபடாது. பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் பக்கத்தில் விடாதீர்கள். ஒல்லியாக இருக்கிறான், கூரை மேல் ஏறுவான் என்று பையனை ஏற்றாதீர்கள். லண்டன்காரர்கள் சொன்ன காரணமும் அதுதான்.

உங்கள் குழாய் அந்தப் பழைய சிமெண்ட் குழாயாக இருந்தால் ஒன்று கவனிக்க வேண்டும். அதில் கல்நார் கலந்திருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். இரும்புக் கம்பியாலோ மண்வெட்டியாலோ அதைச் சுரண்டினால் தாரோடு கல்நார் இழையும் பறக்கும், நுரையீரலுக்கு அது தாரைவிடப் பெரிய எதிரி. தண்ணீர் தெளித்து, கழியில் தேங்காய் நாரோ பழந்துணியோ கட்டி உள்ளே விட்டு இழுங்கள். அதற்கு உதிர்வது உதிரட்டும். கண்ணாடிபோல் இறுகிய தார் அதற்கு மசியாது. அடித்து உடைக்கப் பார்க்காமல் குழாயையே மாற்றிவிடுங்கள். தகரக் குழாயானால் பயமில்லை, கழற்றி வெளியே கொண்டுபோய்க் கீழே சாக்கை விரித்து அதன் மேல் தட்டலாம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து நிற்க உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம்.

கொட்டியதை மூடியுள்ள தகர டின்னில் போடுங்கள். பழைய பெயிண்ட் டின் போதும். அடியில் ஒரு பிடி உலர்ந்த மணல், மேலே ஒரு பிடி மணல். பிளாஸ்டிக் பையில் நேராகப் போட வேண்டாம். உள்ளே ஒரு துளி கங்கு இருந்தாலும் பை உருகி, வீட்டு ஓரத்தில் தீப்பிடிக்கும். இரண்டு மூன்று நாள் வாசலுக்கு வெளியே, கூரைக்கு எட்டாத இடத்தில் மழை படாமல் வையுங்கள். முழுக்க ஆறிய பிறகு இரண்டு உறையாகப் பையில் கட்டலாம். ஒரு வீட்டில் தேறுவது ஒரு படி இருந்தால் அதிகம்.

இனி அதை எங்கே போடக்கூடாது என்பது. முதலில் போகி நெருப்பில். ஆண்கள் மேளம் அடிக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து டயரையும் பாயையும் கொளுத்தும்போது, நீங்கள் ஒதுக்கி வைத்ததையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நன்றாகத்தான் எரியும், அதுதான் தொல்லை. மூன்று மாதமாகக் குழாயில் அடைந்து கிடந்த நஞ்சு ஒரே நேரத்தில் தெருவுக்கு வரும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு வருஷமும் டயர், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறது. 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தில் விமானங்களே இறங்க முடியாமல் திரும்பின. நம் ஊரில் விமானம் இறங்குவதில்லை, கைக்குழந்தைகள் இருக்கிறார்கள்.

அடுத்தது வாய்க்கால். வீட்டுக்குப் பின்னால் ஓடுகிறது, தூக்கிப் போட்டால் போய்விடும் என்று தோன்றும். எங்கே போகும்? ஆந்திராவிலிருந்து கடற்கரை ஓரமாகவே வரும் பக்கிங்காம் கால்வாய் நம் மரக்காணத்தோடு முடிகிறது. அதற்கு மேல் போக அதற்கு இடமில்லை. அந்தக் கழித்தண்ணீரைத்தான் 3,000 ஏக்கருக்கு மேல் விரிந்த நம் உப்பளங்களுக்குப் பாய்ச்சுகிறோம். அதுவும் தை மாதத்தில், வரப்பைச் சரிசெய்து, பாத்தி மிதித்து, முதல் தண்ணீர் கட்டும் நேரத்தில். தார் தண்ணீரில் கரையாது, சேற்றில் ஒட்டும், பல காலம் அப்படியே கிடக்கும். அந்தச் சேற்றில் வெறுங்காலோடு நிற்பது யார்? அந்தப் பக்கம் கழுவெளி. 2021 டிசம்பரில் அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அங்கே வரும் பறவைகள் சேற்றைக் கிளறித்தான் சாப்பிடுகின்றன.

குழி தோண்டிப் புதைத்தால் என்ன என்று கேட்பீர்கள். மேட்டு நிலத்து ஊரில் கேட்டால் யோசிக்கலாம். நம் மணலில் இரண்டடி தோண்டினால் ஈரம், மழைக்காலத்தில் அதுகூட வேண்டாம். அடிபம்புக்குப் பக்கத்தில் தாரைப் புதைக்கிற வேலை வேண்டாம்.

எருக்குழியும் வேண்டாம். லண்டன் புகைக்கரியை அந்தக் காலத்து விவசாயிகள் காசு கொடுத்து வாங்கி வயலில் போட்டார்கள் என்பது உண்மை. நிலக்கரிக் கரியில் கொஞ்சம் தழைச்சத்து இருந்ததால் அது நடந்தது. நம் விறகுத் தாரில் செடிக்கு ஒன்றுமில்லை. அடுப்புச் சாம்பல் வேறு, அது நல்ல பொருள். பாத்திரம் தேய்க்கலாம், கீரைப் பாத்திக்குத் தூவலாம். சாம்பல் அடியில் கிடப்பது, தார் மேலே படிவது. இரண்டையும் ஒரே முறத்தில் வாராதீர்கள், அவ்வளவுதான். அடுப்புக்கரியால் பல் தேய்க்கும் பெரியவர்களுக்கும் இதே எச்சரிக்கை: குழாயிலிருந்து எடுத்ததை வாயில் வைக்க வேண்டாம். வெட்டுக்காயத்தில் ஒட்டடை வைத்து அமுக்கும் பழக்கமும் போகட்டும்.

படகுக்காரர் வீடுகளில் ஒரு யோசனை வரும். மரப்படகுக் காலத்தில் கீல் பூசினோமே, இதுவும் கறுப்புதானே, வேலிக் கம்பத்தின் அடிக்குப் பூசினால் கரையான் வராதே என்று. ரயில் தண்டவாளக் கட்டைக்கு ஊற்றும் எண்ணெய் நிலக்கரித் தாரிலிருந்து ஆலையில் வடித்து, அழுத்தத்தில் ஏற்றுவது. நம் குழாய்த் தூளுக்கு அந்தத் திறமை கிடையாது; கையில் ஒட்டும், கம்பத்தில் தங்காது.

வேலை முடிந்ததும் குளியல். தாரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள், அது தோலைப் புண்ணாக்கும். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவித் தேய்த்தால் தார் இளகும், பிறகு சோப்பு. எப்படியும் பண்டிகைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கத்தான் போகிறோம். ஒரு நாள் முன்னதாகவும் குளித்துக்கொள்ளலாம். நகக்கண், கழுத்து மடிப்பு, காது மடல் ஆகிய இடங்களை மறக்காதீர்கள். போட்ட சட்டையை மற்ற துணியோடு ஊறவைக்க வேண்டாம்.

அடுத்த வருஷம் இத்தனை தார் சேராமல் இருக்க வழி உண்டு. ஐப்பசி மழைக்கு முன்னால் உப்புக் குவியலைக் கீற்று போட்டு மூடிவிட்டு வருகிறோம். விறகுக்கும் அந்த மரியாதை கொடுங்கள். சித்திரை, வைகாசியிலேயே சவுக்கைப் பிளந்து, தரையில் படாமல் கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றுக்கு விடுங்கள். ஆறு மாதத்தில் நன்றாகக் காயும். கடல் ஒதுக்கும் கட்டையையும், பழைய படகுப் பலகையையும் அடுப்பில் வைக்க வேண்டாம். உப்பு ஊறிய மரம் எரிந்தால் குளோரின் சேர்ந்த நச்சுப் பொருள்கள் வரும், தகரக் குழாயும் சீக்கிரம் அரித்துப்போகும். பலகையில் பெயிண்ட் வேறு இருக்கும்.

கடைசியாக அந்த டின். 2016-ம் வருஷத்துத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பெயிண்ட் டின், பூச்சிமருந்து டப்பா, ட்யூப்லைட் போன்றவற்றை வீட்டு அபாயக் கழிவு என்று தனியே பிரித்தன. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு இடம் உள்ளாட்சி வைக்க வேண்டும் என்றும் சொல்லின. தாரின் பெயர் அந்தப் பட்டியலில் எழுதப்படவில்லை, ஆனால் குணத்தால் அதற்கு அந்த வரிசையில்தான் இடம். வண்டி வரும்போது மக்கும் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள். வாங்கிக்கொள்ளும் தூய்மைப் பணியாளரிடம், தூய்மைக் காவலரிடம், உள்ளே இருப்பது அடுப்புத் தார், பிரித்துப் பார்க்காதீர்கள், எரிக்காதீர்கள் என்று வாயால் சொல்லுங்கள். அவர்களில் பாதிப் பேர் நம் வீட்டுப் பெண்கள். நாம் கவசம் போட்டுக் கட்டியதை அவர்கள் வெறுங்கையால் அவிழ்ப்பது நியாயமில்லை.

ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கொடுத்தால் வண்டியில் மற்ற குப்பையோடு கலந்துதான் போகும். குழுவுக்கு ஒரு மூடி போட்ட பீப்பாய், சங்கக் கட்டடத்தின் வெளித் திண்ணையில், தரையில் படாமல். எல்லோருடைய டின்னும் அதில் சேரட்டும், போகி முடிந்த வாரத்தில் ஒரே தடவையாக ஒப்படைக்கலாம். மரக்காணம் பேரூராட்சியில் இருப்பவர்கள் செயல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். ஊராட்சிகளில் இருப்பவர்களுக்கு ஜனவரி 26 கிராம சபை இருக்கிறது, போகி முடிந்து இரண்டு வாரம் கூட ஆகாது. மனுவில் மூன்று விஷயம் போதும்: அபாயக் கழிவு வாங்கும் இடம் எது, எந்தக் கிழமை வாங்குவார்கள், வாங்குகிற பணியாளருக்குக் கையுறையும் கவசமும் யார் தருவது. பதிலை எழுத்தில் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுத்த டீச்சர்